‘ஹூ’ தரும் பட்டியலை முழுப் பட்டியல் என்று நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் மாணவர்களுக்காகத் தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வந்த மேட்லேப் அறிமுகக் கட்டுரையைப் படித்தோம். அணிகளை வைத்துக் கணக்குப் போடும் மொழி ஒன்றைத் தமிழில் இவ்வளவு தெளிவாக விளக்கியதற்கு முதலில் நன்றி. கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் மட்டும் ஒரு வரி உறுத்துகிறது. ‘ஹூ என்று தட்டினால் நினைவகத்தில் உள்ள எல்லா மாறிகளும் அகரவரிசையில் வரும், ஆக்டேவ், சைலேப் ஆகியவற்றிலும் இதே கட்டளைதான்’ என்கிறது அது. ஹூ (who) என்பது மாறிகளின் பெயர்களைப் பட்டியலிடும் கட்டளை; ஆக்டேவும் சைலேபும் மேட்லேபைப் போன்ற கட்டற்ற மென்பொருள்கள். அந்த வரியில் ‘எல்லா’ என்ற சொல் தவறு. ‘அகரவரிசை’ பாதி சரி. ‘இதே கட்டளை’ என்பது பெயரளவில்தான் உண்மை. செய்முறைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பெட்டிச் செய்தியைத்தான் வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

‘எல்லா’விலிருந்து தொடங்குகிறோம். மேட்லேபில் மாறிகள் எல்லாம் ஒரே கிடங்கில் குவிந்து கிடப்பதில்லை. கட்டளைச் சாளரத்துக்கு ஒரு வொர்க்ஸ்பேஸ், அதாவது மாறிகளை வைக்கும் இடம், உண்டு. ஒவ்வொரு ஃபங்ஷனும் ஓடும்போது அதற்கென்று தனி வொர்க்ஸ்பேஸ் திறக்கும். வேலை முடிந்ததும் மூடிவிடும். குளோபல், அதாவது பல இடங்களுக்கும் பொது, என்று அறிவித்த மாறிகளுக்கு மூன்றாவதாக ஓர் இடம். ஹூ கட்டளை, அதைத் தட்டிய இடத்திலிருந்து தெரிகிற பெயர்களை மட்டும் சொல்லும். மேட்லேப் இதற்கு ‘உங்கள் மாறிகள் இவை’ என்ற பொருளில் தலைப்புப் போடுகிறது. ஆக்டேவின் தலைப்பு ‘இப்போதைய எல்லையிலிருந்து தெரியும் மாறிகள்’ என்று இன்னும் சரியாக இருக்கிறது. அந்த ஒரு தலைப்பைப் படித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

குழப்பம் அதிகம் விளைவது குளோபலில்தான். மேட்லேபில் இதைச் செய்து பாருங்கள். ஜி என்ற பெயரைக் குளோபல் என்று அறிவித்து, அதில் 9.81 என்று மதிப்பு வையுங்கள். ஹூ தட்டினால் ஜி வரும். விவரங்களையும் சேர்த்துக் காட்டும் ஹூஸ் (whos) தட்டினால் அளவு 1×1, பைட் 8, வகை டபுள், கடைசிப் பத்தியில் குளோபல் என்ற குறிப்பு எல்லாம் வரும். இப்போது, மாறியை அழிக்கும் கட்டளையாகக் கிளியர் ஜி என்று தட்டி, மறுபடி ஹூ பாருங்கள். ஜி இல்லை. அழிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஹூ குளோபல் என்று இரண்டு சொல்லாகத் தட்டினால் ஜி அங்கே அப்படியே இருப்பது தெரியும். கிளியர் அறுத்தது இந்த வொர்க்ஸ்பேஸுக்கும் அந்த மாறிக்கும் இருந்த தொடர்பை மட்டும்தான். திரும்பவும் குளோபல் ஜி என்று அறிவித்தால் பழைய 9.81 கையோடு வந்து நிற்கும்.

இதில் உண்மையான ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. கிளியர் செய்த பிறகு, குளோபல் என்று அறிவிக்காமலே ஜியில் 10 என்று வைக்கிறார் மாணவர். இது புதிதாகப் பிறந்த தனி ஜி. ஆனால் ஜியைக் குளோபலாக அறிவித்திருக்கும் ஃபங்ஷன் எதுவானாலும் இன்னமும் 9.81ஐத்தான் எடுக்கும். ஹூ பட்டியலில் ஜி இருக்கிறது, மதிப்பு கேட்டால் 10 என்கிறது, விடையோ 9.81க்கு உரியது. சமன்பாட்டில் பிழை தேடி ஒரு மணி நேரம் போய்விடும். ஹூஸ் பட்டியலின் கடைசிப் பத்தியைப் பார்த்திருந்தால் ஒரு நொடி வேலை: அங்கே குளோபல் என்ற சொல் இல்லையென்றால் அது வேறு ஜி. குளோபலை உண்மையிலேயே ஒழிக்க வேண்டுமானால் கிளியர் குளோபல் ஜி என்று மூன்று சொல்லாகத் தட்ட வேண்டும். கிளியர் ஆல் தட்டினாலும் போகும். அதோடு ஃபங்ஷன்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் நினைவில் வைத்திருக்கும் பெர்சிஸ்டென்ட் மதிப்புகளும், பிழைதேட வைத்த நிறுத்தப் புள்ளிகளும், ஏற்கெனவே நினைவகத்தில் ஏறியிருந்த ஃபங்ஷன்களும் சேர்ந்தே போகும். ஒவ்வொரு நிரலின் முதல் வரியிலும் கிளியர் ஆல் எழுதச் சொல்லும் பழக்கம் நம் ஆய்வகங்களில் பரவலாக இருக்கிறது. பெரும்பாலான வேளைகளில் வெறும் கிளியர் போதும். குளோபல் இருக்கிறதா என்று பார்க்க ஹூ குளோபல் இருக்கிறது.

இரண்டாவது இடம் ஃபங்ஷனுக்குள். பிழைதேடும்போது நிரல் நடுவில் நின்றால் மேட்லேபின் கட்டளைக் குறிக்கு முன்னால் கே என்ற எழுத்து சேர்ந்துகொள்ளும். அந்த நிலையில் ஹூ தட்டினால் வருவது நின்ற ஃபங்ஷனின் மாறிகள். அதைக் கவனிக்காமல், ‘என் அணிகளையெல்லாம் காணோம்’ என்று பதறுவது ஆய்வகத்தில் அன்றாடம் பார்க்கும் காட்சி. எதுவும் காணாமல் போகவில்லை. டிபிஅப் தட்டினால் ஒரு படி மேலே, அழைத்தவரின் வொர்க்ஸ்பேஸுக்குப் போகலாம். டிபிகுவிட் தட்டினால் வெளியே வந்துவிடலாம். ஃபங்ஷனுக்குள் இருந்துகொண்டே வெளி வொர்க்ஸ்பேஸின் பட்டியலைப் பார்க்க இவால்இன் கட்டளைக்குப் ‘பேஸ்’, ‘ஹூ’ என்று இரண்டு சரங்களைக் கொடுத்தால் போதும்.

ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொன்றை எழுதியிருந்தால் பட்டியல் வேறு மாதிரி வரும். உள் ஃபங்ஷனில் நின்று ஹூஸ் தட்டினால், அதன் மாறிகளோடு அதைச் சுற்றியிருக்கும் வெளி ஃபங்ஷன்களின் மாறிகளும் குழுக்குழுவாக வரும். இன்னும் மதிப்பே வைக்காத பெயர்கூட 0×0 என்ற அளவோடும், மதிப்பு ஒதுக்கப்படவில்லை என்ற குறிப்போடும் தலைகாட்டும். பெயர் பட்டியலில் இருக்கிறது, கணக்கில் போட்டால் பிழை வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குறிப்பைத்தான். வேலையைப் பல பணியாளர் நிரல்களுக்குப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும் பார்ஃபார் சுற்றுக்குள் ஹூவே நடக்காது. எந்தெந்த மாறி தேவை என்பதை நிரலைப் படித்தே முன்கூட்டி முடிவுசெய்து பணியாளர்களுக்குப் பகிர்ந்தனுப்பும் ஏற்பாடு அது. ஓடும்போது பெயர்களைத் துழாவும் கட்டளைகளை அங்கே மேட்லேப் அனுமதிப்பதில்லை.

மூன்றாவதாக, எந்தப் பட்டியலிலும் வராத மாறி ஒன்று உண்டு. ஏ என்ற மாறியில் 5 வைக்கிறோம். அட் குறி போட்டு, எக்ஸை வாங்கி ஏ பெருக்கல் எக்ஸைத் தருகிற பெயரில்லா ஃபங்ஷன் ஒன்றை எழுதி எஃப் என்ற பெயரில் வைக்கிறோம். பிறகு ஏவை அழித்துவிடுகிறோம். ஹூவில் ஏ இல்லை. ஆனால் எஃப்பிடம் 3ஐக் கொடுத்தால் 15 வருகிறது. எஃப் எழுதப்பட்ட நொடியில் ஏவின் மதிப்பைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொண்டது. பின்னால் ஏவில் 7 வைத்தாலும் எஃப்புக்கு அது 5தான். சிறு எண்ணாக இருந்தால் பாதகமில்லை. ஏவின் இடத்தில் ஆயிரத்துக்கு ஆயிரம் அணி இருந்து, அதை நினைவகத்தைக் காலி செய்ய அழித்திருந்தால், இடம் காலியாகவே இல்லை. எஃப் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹூஸில் எஃப்பின் பைட் எண்ணிக்கையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஃபங்ஷன்ஸ் என்ற கட்டளைக்கு எஃப்பைக் கொடுத்தால் வரும் விடையில் வொர்க்ஸ்பேஸ் என்ற புலம் இருக்கும். அதற்குள் பார்த்தால் ஒளிந்திருக்கும் ஏ தெரியும்.

பைட் பத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆய்வகப் பதிவேட்டில் ஹூஸ் விடையை வரிக்கு வரி ஒப்பிட்டு மதிப்பெண் குறைப்பது எங்கே நடந்தாலும் அது நியாயமில்லை. மேட்லேபில் ஆயிரத்துக்கு ஆயிரம் ரேண்டம் அணியைப் பி என்று வைத்தால் ஹூஸ் 80,00,000 பைட் காட்டும். 10,00,000 எண்கள், எண்ணுக்கு 8 பைட். பியைக் க்யூவுக்கு அப்படியே கொடுத்தால் க்யூவுக்கும் 80,00,000 காட்டும். கூட்டினால் 1,60,00,000. உண்மையில் நினைவகத்தில் இருப்பது ஒரே பிரதி. இரண்டில் ஒன்றின் ஏதாவது ஓர் உறுப்பை மாற்றும்போதுதான் மேட்லேப் மறுபிரதி எடுக்கும். கட்டத்துக்குக் கட்டம் வெவ்வேறு வகைத் தரவை வைக்கக்கூடிய செல் அணியிலோ ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல்செலவாக நூற்றுக்கும் மேற்பட்ட பைட் போகும். அதனால் பத்துச் சின்ன எண்களை வைத்த செல் அணி, அதே எண்களை வைத்த சாதாரண அணியைவிடப் பல மடங்கு பெரிதாகக் காட்டும்.

ஆக்டேவில் 1 முதல் 10,00,000 வரை என்று முக்காற்புள்ளி போட்டு ஒரு வரிசையை உருவாக்கிப் பாருங்கள். ஹூஸ் அதற்கு 24 பைட் என்கிறது. தவறில்லை. தொடக்கம், இடைவெளி, முடிவு என்ற மூன்று எண்களை மட்டும் ஆக்டேவ் வைத்திருக்கிறது. மூன்று எட்டு இருபத்துநான்கு. அதன் முதல் உறுப்பில் 5 என்று எழுதுங்கள். சீரான வரிசை குலைந்ததால் முழு அணியாக விரித்தே ஆக வேண்டும். இப்போது ஹூஸ் 80,00,000 காட்டும். மேட்லேபில் இதே வரிசை முதலிலிருந்தே 80,00,000தான். ஒரே வரி, ஒரே விடை, இரண்டு பட்டியல். வீட்டில் ஆக்டேவிலும் கல்லூரியில் மேட்லேபிலும் செய்த மாணவர் பொய் எழுதினார் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது.

அகரவரிசைக்கு வருவோம். மேட்லேப் பெயர்களை அடுக்குவது எழுத்துக் குறியீட்டு எண்ணின் வரிசையில். பெரிய எழுத்துகள் எல்லாம் முன்னே, சின்ன எழுத்துகள் எல்லாம் பின்னே. பெரிய இசட்டில் தொடங்கும் பெயர் சின்ன ஏவில் தொடங்கும் பெயருக்கு முன்னால் நிற்கும். பெரிய ஏயும் சின்ன ஏயும் அந்த மொழிக்கு வெவ்வேறு மாறிகள் என்பதால் இதில் முரண் இல்லை. ஆனால் அறுபது, எழுபது மாறி உள்ள பட்டியலில் ‘ஏ’ வரிசையை மட்டும் பார்த்துவிட்டு ‘என் அணி இல்லை’ என்று முடிவுகட்டினால் ஏமாறுவோம். இரண்டு இடத்தில் தேட வேண்டும். சைலேபில் வெறும் ஹூவுக்கு அகரவரிசை என்ற உறுதியே கிடையாது. வரிசைப்படுத்தித் தரச் சொல்ல ‘சார்ட்டெட்’ என்ற சரத்தைக் கூடவே கொடுக்க வேண்டும்.

இங்கே தமிழுக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்று இருக்கிறது. மேட்லேபில் மாறிப் பெயருக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். ஜூலியா, பைத்தான் என்ற நிரல்மொழிகளில் தமிழிலேயே பெயர் வைக்கலாம். விலை, அளவு, வட்டி என்று வைத்து எழுதினால் பள்ளிப் பிள்ளைக்குக்கூட நிரல் பளிச்சென்று புரியும். அதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் வரிசைப்படுத்திய பட்டியலில் அவை நம் அகராதி வரிசையில் வராது. மலை, மழை, மறை, மனை என்று நான்கு பெயர் வைத்தால் அகராதியில் இதே வரிசைதான். யுனிகோடு எண்ணின் வரிசையில் மனை, மறை, மலை, மழை என்று மாறிவிடும். ன எழுத்து நவுக்கு அடுத்தும், ற எழுத்து ரவுக்கு அடுத்தும் இடம்பெற்றிருப்பதே காரணம். புள்ளியும் அப்படித்தான். நமக்குக் கண் முதலில், கணம் பிறகு. யுனிகோட்டில் புள்ளி, உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் தனிக் குறியாக இருப்பதால் கணம் முதலில், கண் பிறகு. ஆங்கிலப் பெயர்களும் கலந்திருந்தால் அவை அத்தனைக்கும் பின்னால்தான் தமிழ்ப் பெயர்கள் தொடங்கும்.

இதைவிடத் தொல்லை தருவது கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள். கொள்ளளவு என்ற பெயரின் முதல் எழுத்தை இரண்டு விதமாகத் தட்ட முடியும். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் இடலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் இடலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. நிரலில் மாறிப் பெயராக வரும்போது பைத்தானும் ஜூலியாவும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். கணக்கு சரியாக ஓடும். ஆனால் அதே பெயரைச் சரமாக எழுதி, குளோபல்ஸ் பட்டியலில் இருக்கிறதா என்று பைத்தானிடம் கேட்டால், இரண்டு குறியாகத் தட்டிய சரத்துக்கு ‘இல்லை’ என்று பதில் வரும். கண்ணெதிரே இருக்கும் மாறியை இல்லை என்கிறதே என்று திகைக்க வேண்டாம். யுனிகோட்டேட்டா என்ற தொகுப்பில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனில் ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவம் கேட்டு, சரத்தை அதன் வழியே அனுப்பிய பிறகு தேடினால் கிடைத்துவிடும். தமிழில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் எவரும் இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

‘இதே கட்டளைதான்’ என்ற பகுதி இன்னும் பாக்கி. சைலேபில் பை, ஈ, எப்சிலான், கற்பனை அலகு எல்லாம் விழுக்காட்டுக் குறியை முன்னே வைத்த மாறிகள். ஆகவே ஹூ தட்டினால் நாம் எதுவும் செய்வதற்கு முன்பே நீண்ட பட்டியல் வந்து நிற்கும். நாம் உருவாக்கியதை மட்டும் பார்க்க ஹூ அடிக்கோடு யூசர் என்ற தனிக் கட்டளை இருக்கிறது. கட்டற்ற மென்பொருள்களைக் கல்வியில் பரப்பும் மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸீ திட்டம் வழியாகச் சைலேப் நம் கல்லூரிகளுக்குப் பழக்கமாகியிருக்கும் நிலையில் இதைப் பெட்டியில் சொல்லியிருக்க வேண்டும். மேட்லேபில் பை என்பது ஃபங்ஷன். எனவே ஹூவில் வராது. கிளீவ் மோலர் ஃபோர்ட்ரானில் எழுதிய முதல் மேட்லேபில் எப்சிலான் ஒரு நிரந்தர மாறி; இன்றைய மேட்லேபில் அதுவும் ஃபங்ஷன்.

மேட்லேபில் பை, ஐ போன்றவை ஹூவில் வராது என்பதை நல்ல சோதனையாகவே பயன்படுத்தலாம். பட்டியலில் ஐ என்றோ ஜே என்றோ இருந்தால் யாரோ சுற்றில் அதை எண்ணியாக வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதன் பிறகு 3 கூட்டல் ஐ என்று எழுதினால் கற்பனை எண் கிடைக்காது. இடைவெளியில்லாமல் 2ஐ என்று எண்ணோடு ஒட்டி எழுதினால் மட்டும் கிடைக்கும். சம், மேக்ஸ், மீன் போன்ற பெயர்கள் ஹூவில் தெரிந்தால் இன்னும் மோசம். சம் என்ற மாறியில் கூட்டுத்தொகையை வைத்த பிறகு சம் ஃபங்ஷனை அழைத்தால், மேட்லேப் அதை மாறியின் உறுப்பைக் கேட்பதாக எடுத்துக்கொண்டு அணியின் எல்லை தாண்டிவிட்டது என்று புலம்பும். விச் சம் என்று கேட்டால் ‘சம் ஒரு மாறி’ என்று பதில் வரும். கிளியர் சம் தட்டினால் ஃபங்ஷன் திரும்பக் கிடைத்துவிடும்.

பெயரின் ஒரு பகுதியைக் கொடுத்துத் தேடுவதிலும் வேறுபாடு உண்டு. நட்சத்திரக் குறி மேட்லேப், ஆக்டேவ் இரண்டிலும் செல்லும். ஒரே ஓர் எழுத்துக்குக் கேள்விக்குறி போடுவதும், சதுர அடைப்புக்குள் எழுத்துகளைக் கொடுப்பதும் ஆக்டேவில்தான் நடக்கும். மேட்லேபில் அதற்கு ரெக்எக்ஸ்பி என்ற தெரிவை முன்னால் கழித்தல் குறியோடு கொடுக்க வேண்டும். கிளியர் கட்டளைக்கும் இதே விதிதான். எனவே அழிப்பதற்கு முன் அதே வடிவத்தை ஹூவுக்குக் கொடுத்து என்னென்ன சிக்குகிறது என்று பார்த்துவிட்டு அழிப்பது பாதுகாப்பு.

ஜூபிட்டர் என்ற நோட்டுப்புத்தகச் சூழலில் பைத்தான் பழகுபவர்களுக்கு விழுக்காட்டுக் குறியோடு ஹூ, ஹூஸ் இருக்கின்றன. அவை நம் மாறிகளோடு, இறக்குமதி செய்த தொகுப்புகளையும் நாம் எழுதிய ஃபங்ஷன்களையும் சேர்த்தே காட்டும். அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களை மறைத்துவிடும். பைத்தானில் அணிகளைக் கையாளும் நம்பை தொகுப்பிலும் ஹூ என்று ஒன்று இருந்தது. நம்பை அணிகளை மட்டும் எடுத்து, பெயர், வடிவம், பைட், வகை என்று அச்சிடும். எங்களுக்கு அதில் பிடித்தது இரண்டு. ஒரே அணிக்கு பி, க்யூ என்று இரு பெயர் இருந்தால் இரண்டாவதன் பக்கத்தில் முதலாவதன் பெயரை அடைப்புக்குள் போட்டு, பைட்டை ஒருமுறைதான் கூட்டும். மொத்தத்தின் பக்கத்தில் ‘அதிகபட்ச எல்லை’ என்று எழுதும். இவ்வளவுதான் என்று அடித்துச் சொல்லாது. 2024இல் வந்த நம்பை 2.0இல் அதை நீக்கிவிட்டார்கள். பழைய பாடநூலை வைத்துக்கொண்டு தட்டிப் பார்த்துப் பிழை வந்தால் காரணம் இதுதான். ஜூலியாவிலும் பழைய ஹூஸ் போய் 0.7 முதல் வார்இன்ஃபோ வந்திருக்கிறது. அது தொகுதியின் குளோபல் பெயர்களைத்தான் காட்டும், ஃபங்ஷனுக்குள் இருப்பதைக் காட்டாது. ஒன்றும் செய்யாதபோதே பேஸ், கோர், மெய்ன் என்று மூன்று பெயர் வரும், அவை தொகுதிகள்.

இந்த முரண்பாடு புதிதும் அல்ல. அணி மொழிகளின் மூத்தது கென்னத் ஐவர்சனின் ஏபிஎல். 1966இல் ஐபிஎம் கணினியில் ஏறியது. இன்று புழங்கும் டயாலாக் ஏபிஎல்லில் மாறிகளைப் பட்டியலிட இரண்டு வழி. வலது அடைப்புக்குறியோடு வார்ஸ் என்று தட்டினால் குளோபல் மாறிகள் வரும். சதுரக் குறியோடு என்எல் என்று எழுதி 2 கொடுத்தால், அந்த இடத்தில் அந்தப் பெயருக்கு எது மிக அண்மைப் பொருளோ அதன்படி பட்டியல் வரும். 3 கொடுத்தால் ஃபங்ஷன்கள், 4 கொடுத்தால் ஆபரேட்டர்கள். ஃபங்ஷன் நடுவில் நிற்கும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமே இல்லை. குளோபலாக மதிப்புள்ள ஒரு பெயரை ஃபங்ஷன் தனக்கென்று உள்ளூராக்கி இன்னும் மதிப்பு வைக்கவில்லையென்றால், முதல் பட்டியலில் அது இருக்கும், இரண்டாவதில் இருக்காது.

அதே என்எல்லில் இன்னொரு சிக்கல்: நேர்ம 2 கொடுத்தால் விடை எழுத்துகளாலான செவ்வக அணி. எல்லா வரியும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பதால் சிறு பெயர்களுக்குப் பின்னால் வெற்றிடம் நிரப்பப்பட்டிருக்கும். அந்த வரியை எடுத்து ஒரு பெயரோடு ஒப்பிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் பொருந்தாது. எதிர்ம 2 கொடுத்தால் பெயர் பெயராகப் பிரிந்த பட்டியல் கிடைக்கும், வெற்றிடம் இருக்காது. நிரலுக்குள் பயன்படுத்த எதிர்மமே ஏற்றது.

ஆய்வகத்தில் நாங்கள் பரிந்துரைக்கும் நடைமுறை இது. நிரலை ஓட்டுவதற்கு முன் ஹூவின் விடையை ‘முன்’ என்ற பொருள்தரும் ஒரு பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள். விடை செல் அணியாக வரும். ஓட்டி முடித்ததும் மறுபடி வாங்கி ‘பின்’ என்ற பெயரில் வையுங்கள். செட்டிஃப் ஃபங்ஷனுக்குப் பின்னை முதலிலும் முன்னை அடுத்தும் கொடுத்தால் நிரல் புதிதாக உருவாக்கிய பெயர்கள் மட்டும் வரும். அதில் ‘முன்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். ஹூ பட்டியலை எடுத்து முடித்த பிறகுதான் அந்த மாறி பிறந்தது. ஆகவே முதல் பட்டியலில் அது இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. அதைக் கழித்துவிடுங்கள். எங்காவது விடையை எதற்கும் பெயரிடாமல் விட்டிருந்தால் ஆன்ஸ் என்ற பெயரும் வரும். பெரிய, சின்ன எழுத்து கலந்து அடுக்க வேண்டுமானால் பெயர்களை லோயர் ஃபங்ஷனால் சின்ன எழுத்தாக்கி, சார்ட் தரும் இரண்டாவது விடையான இட எண்களை வாங்கி, அந்த எண்களால் மூலப் பட்டியலை மறுபடி அடுக்குங்கள்.

மாறிகளைச் சேமித்து வைத்த மேட் கோப்பை ஏற்றுவதற்கு முன் அதற்குள் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஹூஸ் கட்டளைக்குக் கழித்தல் குறியோடு ஃபைல் என்ற தெரிவையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால் ஏற்றாமலே பட்டியல் வரும். லோட் நேராகத் தட்டினால், கோப்பிலும் வொர்க்ஸ்பேஸிலும் ஒரே பெயர் இருக்கும்போது எச்சரிக்கை ஏதுமின்றிப் பழையதை அழித்து எழுதிவிடும். லோடின் விடையை ஒரு மாறியில் வாங்கினால் எல்லாம் அந்த ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் புலங்களாக அடங்கிவிடும், மோதலுக்கே இடமில்லை.

மதிப்பிடும் ஆசிரியர்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. ஹூஸ் விடையில் பெயர், அளவு, வகை மூன்றையும் பார்த்து மதிப்பெண் போடுங்கள். வகை மாறியிருந்தால், அதாவது டபுள் இருக்க வேண்டிய இடத்தில் சிங்கிளோ லாஜிக்கலோ இருந்தால் குறையுங்கள். அது நிரலின் பிழை. பைட் பத்தியும் பெயர்களின் வரிசையும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். கையேட்டின் தலைப்பில் மென்பொருளின் பெயரோடு பதிப்பு எண்ணையும் அச்சிட்டால் மாணவரும் ஆசிரியரும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேசலாம்.

பெட்டிச் செய்தியின் அந்த வரியை அடுத்த இதழில் இப்படித் திருத்தி வெளியிடக் கோருகிறோம்: ‘ஹூ கட்டளை, தட்டிய இடத்திலிருந்து தெரியும் மாறிகளைப் பெரிய எழுத்து முன்னும் சின்ன எழுத்து பின்னுமாகக் காட்டும். குளோபல் மாறிகளுக்கு ஹூ குளோபல் என்று தட்டவும். சைலேபில் நம்முடைய மாறிகளை மட்டும் பார்க்க ஹூ அடிக்கோடு யூசர்.’ இடம் இருந்தால், பட்டியலில் சம், மேக்ஸ், ஐ போன்ற பெயர் தெரிந்தால் உடனே கிளியர் செய்யவும் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பயிற்றுநர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.